மேல் ஒரு சாண் மண்

போடியில் மனை வாங்குகிறவர்கள் முதலில் ரோடு பார்ப்பார்கள், அப்புறம் தண்ணீர் பார்ப்பார்கள், அதற்கும் அப்புறம் வாயைத் திறக்காமல் பக்கத்து மனைக்காரர் என்ன ஆள் என்று விசாரிப்பார்கள். மண்ணைப் பார்த்து மனை வாங்கியவர் என்று ஊரில் யாரும் கிடையாது. சந்திரவல்லி மண்ணை மட்டும் பார்த்து வாங்கினாள். அதுவே அவளுக்கு வினையாக முடிந்தது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி மலையேறிய நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மண்தான். பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் அவளுக்கும் புருசன் கன்னையனுக்கும் வேலை. தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்றில் குடியிருப்பு. பிள்ளை குட்டி இல்லை. ஆரம்பத்தில் களை வெட்டினாள், காய் எடுத்தாள். பிறகு நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள். மலையில் அதைத் தவாரணை என்பார்கள். அங்கேதான் அவள் பேர் வாங்கினாள்.

நாற்றுப் பைக்கு மண் எடுக்க வேண்டுமென்றால் அவளைத்தான் முன்னால் அனுப்புவார்கள். மரத்தடியில் சருகை ஒதுக்கிவிட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். உருண்டையாகப் பிடிபட வேண்டும், பெருவிரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர வேண்டும். அப்புறம் மூக்குக்குக் கொண்டுபோவாள். புளித்த வாடை அடித்தால் வேண்டாம். அவள் "அள்ளுங்க" என்றால் கூடை நிறையும். சொல்லாவிட்டால் சூப்பர்வைசரே வந்து நின்றாலும் அந்த இடத்தில் மண்வெட்டி விழாது. அவள் பார்த்து எடுத்த மண்ணில் நாற்று அழுகியது என்ற பேச்சே எழுந்ததில்லை.

ஏலச்செடி ஆழமாக வேர் விடுகிற சாதி இல்லை. மேல் ஒரு சாண் மண் நன்றாக இருந்தால் அதற்குப் போதும். கீழே பாறை இருந்தாலும் பாதாளம் இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. சந்திரவல்லியும் அப்படியே பழகிப்போனாள். சாணுக்குக் கீழேயும் மண் இருக்கிறது, அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க அவளுக்குக் காரணமே ஏற்பட்டதில்லை.

இப்படி இருக்கையில் தோட்டம் கைமாறியது. புது முதலாளிக்கு ஏலக்காயைவிடச் சுற்றுலாக்காரர்கள் மேல் ஆசை. லயத்தை இடித்துவிட்டு மரவீடுகள் கட்டப்போகிறார்களாம். வயதானவர்கள் எல்லாரும் கணக்கை முடித்துக்கொண்டு, வரப்போகும் சித்திரையை விட்டு அதற்கடுத்த சித்திரைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் கதவு கதவாக வந்து சொன்னான்.

லயத்தில் பல பேர் அழுதார்கள். கன்னையன் அழவில்லை. ஏலச்செடிக்கு மருந்தடித்து மருந்தடித்து அவன் நெஞ்சு கெட்டிருந்தது. மலைக் குளிரும் மூடாப்பும் சேர்ந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கிடப்பான். கீழே இறங்கினால் ஒழிய இது தணியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "காத்துப் படாம நாலு சுவத்துக்குள்ள படுத்தேன்னா இன்னும் கொஞ்ச காலம் கெடப்பேன்" என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான். லயம் போவதற்குள் கீழே நாலு சுவர் எழும்ப வேண்டும், அதற்குள் இவனைப் படுக்க வைக்க வேண்டும். சந்திரவல்லிக்கு அதன் பிறகு வேறு நினைப்பே இல்லை.

திருப்பதி என்ற புரோக்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனை காட்டினான். ராசிங்காபுரம் போகிற வழியில், ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், விளைநிலத்தைப் பிளாட் போட்டிருந்தார்கள். லயத்தில் பக்கத்து அறைக்காரி ஜக்கம்மாளும் கூட வந்திருந்தாள். புருசன் இல்லாதவள், சந்திரவல்லிக்கு மூத்தவள், கணக்கைச் சீக்கிரமே முடித்துக்கொண்டவள்.

மேட்டுப் பக்கம் செம்மண் சரளை. செருப்புக் காலால் எத்தினால் கல் தெறித்தது. சந்திரவல்லி ஒரு பிடி அள்ளப் பார்த்தாள், நகம்தான் நொந்தது.

"என்ன தம்பி இது, சுடுகாட்டு மண்ணாட்டம்? ஒரு கருவேப்பிலைக் கன்னு வச்சாக்கூட நிக்காதே."

"பள்ளத்துப் பக்கமும் இருக்குக்கா, அதையும் பாத்துருங்க. வெல ஒண்ணுதான்" என்றான் திருப்பதி.

பள்ளத்துப் பக்கம் இறங்கியதும் அவள் முகம் மாறிவிட்டது. அந்தக் காலத்திலிருந்து கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அடித்துப் பயிர் செய்த நிலம். மேல்மண் கறுப்பாக, ஈரம் மாறாமல் கிடந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளி அழுத்தினாள். உருண்டது. பெருவிரல் பட்டதும் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, மலை மண்ணுக்கா இது. நம்மளத் தேடி முன்னாடியே எறங்கி வந்துருக்கு பாருங்க."

பள்ளத்து மனைகள் விலை போகாமல் கிடப்பதைத் திருப்பதி சொல்லவில்லை. அவன் பொய்யும் சொல்லவில்லை. பொய் சொல்லும் சிரமத்தைக்கூட அவள் அவனுக்கு வைக்கவில்லை. அவள் ஒன்றை எடுத்துக்கொள்ள, அடுத்ததை ஜக்கம்மாள் எடுத்துக்கொண்டாள். "நீ கை வச்ச மண்ணு. எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். அந்த நேரத்தில் சந்திரவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பங்குனியில் கொத்தனார் அமாவாசையைக் கூட்டி வந்து மனைக்குக் குழி பார்த்தார்கள். இந்தப் பக்கத்தில் பலரும் பார்ப்பதுதான். முழ நீளம், முழ அகலம், முழ ஆழத்தில் ஒரு குழி தோண்ட வேண்டும். எடுத்த மண்ணை அப்படியே திரும்பக் குழியில் போட வேண்டும். குழி நிரம்பியும் மண் மிஞ்சினால் அந்த வீட்டில் எல்லாம் மிஞ்சும். மண் பற்றாமல் போனால் குடி விளங்காது. ஜக்கம்மாள் மனையில் தோண்டினார்கள். வெயிலில் காய்ந்த மண் உடைந்த செங்கல் மாதிரி கட்டி கட்டியாக வந்தது. திரும்பப் போட்டார்கள். குழி நிறைந்து, மேலே அம்பாரமாகக் குவிந்து நின்றது. சந்திரவல்லி மனையிலும் அப்படியே. கூட வந்திருந்த லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். அமாவாசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் குடுத்து வச்சவுக" என்றான்.

முதலில் ஜக்கம்மாள் கட்டினாள். இடுப்பளவு தோண்டிக் கருங்கல் அஸ்திவாரம், இரண்டு அறை, மேலே தட்டையான தார்சுக் கூரை. ஆவணியில் பால் காய்ச்சினார்கள். கன்னையனுக்குத் தோட்டத்தில் கணக்கு முடிந்து வர வேண்டியிருந்ததால் இவர்கள் தையில் தொடங்குவது என்று பேச்சு. பால் காய்ச்சிய அன்று கன்னையன் அந்த வீட்டின் முன்னறையில் ஒரு துண்டை விரித்துச் சும்மா படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து, "நமக்கும் இதே மாதிரி கட்டிருவோம்" என்றான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது.

வெறித்த பிறகு சந்திரவல்லி ஜீப்பில் இறங்கி வந்து பார்த்தபோது ஜக்கம்மாள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் மூலையிலிருந்து சுவரின் உச்சிக்குச் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரல் நுழைந்தது. உள்ளே தரை ஓரத்தில் தூக்கி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அமாவாசை ஒருதரம் வந்து சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனான். பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடித்தது. நிலை வைத்த நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அவன் போனையே எடுக்கவில்லை.

சந்திரவல்லி அந்த வெடிப்பின் முன்னால் நின்றாள்.

"அக்கா, எனக்கு..."

"ஒண்ணும் சொல்லாத." ஜக்கம்மாள் தலையைத் தூக்கவே இல்லை. "மண்ணு மண்ணுன்னு ஒங் கையத் தானே எல்லாரும் கொண்டாடுனோம். அந்தக் கையக் கொண்டுபோயி அடுப்புல வையி."

அன்றிலிருந்து ஜக்கம்மாள் அவளிடம் பேசவில்லை.

சந்திரவல்லி போடிக்குப் போய்ச் சிவக்குமாரைப் பார்த்தாள். பிளான் போட்டுக் கொடுக்கிற சின்ன வயசு இன்ஜினியர். மலையாட்கள் என்றால் எட்ட நிறுத்திப் பேசுகிற ரகம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"கட்டுறதுக்கு முன்னாடி ஒரு குழி தோண்டிப் பாத்திருக்கலாமேம்மா."

"பாத்தோம் சார். மண்ணு மிஞ்சுச்சு."

அவன் சிரிக்கவில்லை. "கட்டி கட்டியா வர்ற மண்ணு எங்க தோண்டுனாலும் மிஞ்சும்மா. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவுல சந்து விழுந்துருமில்ல. அத வச்சு மண்ணுக்குப் பலம் இருக்கான்னு சொல்ல முடியாது" என்றான். குலவைச் சத்தம் அவள் காதில் அப்போது கேட்டிருக்கும். அவள் எழுந்து, "நாளைக்கு வர்றீங்களா சார்? எம் மனையையாச்சும் பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் இரண்டு ஆட்களை வைத்து அவள் மனையின் நடுவில் தோண்டினார்கள். ஆள் இறங்கி நிற்கிற மாதிரி அகலமான குழி. ஜக்கம்மாள் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் ஒரு சாண் வரைக்கும் அவளுடைய மண்தான். பொலபொலவென்று அழகாக வந்தது. அதற்குக் கீழே அப்பட்டமான களி. கறுத்து, பிசுபிசுத்து, மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது. முழங்கால் ஆழம் போயிற்று, இடுப்பளவு போயிற்று, நெஞ்சளவு போயிற்று, மண் மாறவில்லை. தோண்டுகிறவனின் தலை மறைந்தது. அப்போதும் மாறவில்லை. வெட்டிய இடமெல்லாம் எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது. சந்திரவல்லி குழியின் விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் இந்தா சரளை வரும், இந்தா செம்மண் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிவக்குமார் அடியிலிருந்து ஒரு கட்டி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினான். விளக்குத் திரி அளவுக்கு மெலிந்தும் அறவில்லை. பிறகு மேலே, பங்குனியில் தோண்டியதில் மிஞ்சி வெயிலில் காய்ந்து கிடந்த அதே மண்ணின் கட்டி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இத ஒடைங்கம்மா."

அவள் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். உதிரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். கட்டி அப்படியே இருந்தது, விரல்தான் சிவந்தது. எத்தனையோ காலமாக அவள் மண்ணைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டுவிட்டு இப்போது கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழிக்குள் நின்றவனைக் கடப்பாரையைத் தரையில் குத்தச் சொன்னான் சிவக்குமார். அவன் லேசாக ஊன்றியதுமே அது பாதி வரை இறங்கியது.

"தண்ணி குடிச்சா இந்த மண்ணு உப்பும், காஞ்சா சுருங்கும். மேல என்ன கட்டுனாலும் மழைக்குத் தூக்கும், வெயிலுக்கு எறக்கும். சுவரு என்ன செய்யும்? வெடிக்கத்தான் செய்யும். கெட்டி மண்ணு கிடைக்கிற வரைக்கும் கீழ போயி, காங்கிரீட் தூணு எறக்கி, அது மேலதான் வீட்டத் தூக்கி வைக்கணும். நீங்க வீட்டுக்கு வச்சிருக்கிற காசு அந்தத் தூணுக்கே காணாதும்மா."

"அந்த மேட்டு மனையா இருந்தா சார்?" தெரிந்தேதான் கேட்டாள்.

அவன் மேலே பார்த்தான். அவள் சுடுகாட்டு மண் என்று ஒதுக்கிய இடத்தில் அதற்குள் நாலு வீடு எழும்பியிருந்தது. மாடியில் துணி காய்ந்தது. "அது சரளை. முழங்கால் ஆழமே போதும்" என்றான். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும், குனிந்து செருப்பிலிருந்த களியைத் தட்ட ஆரம்பித்தான்.

அப்போதுதான் ஜக்கம்மாள் வாசலை விட்டு இறங்கி வந்தாள். குழியை எட்டிப் பார்த்தாள். சந்திரவல்லியைப் பார்க்கவில்லை.

"அப்ப என் வீடு, சார்?"

சிவக்குமார் அவள் வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தார்சை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். "பின்னறையப் பூட்டிப் போட்டுருங்க, அங்க படுக்காதீங்க. முன்னறை இந்த வெயிலத் தாங்கும். அடுத்த ஐப்பசி மழைக்கு உள்ள இருக்காதீங்கம்மா" என்றான்.

"அப்ப எங்க இருக்கச் சொல்ற?" என்று அவள் கேட்டாள். சந்திரவல்லிக்கு அந்தக் குழியைத் தன் மேலேயே மூடிவிடச் சொல்லலாம் போல இருந்தது. தன் மனை போனதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தன்னை நம்பி வந்தவளின் மனையும் சேர்ந்து போனதுதான் அவளை அறுத்தது. தோண்டிய ஆட்கள் குழியை மூடினார்கள். மண் மிஞ்சிக் குவிந்து நின்றது.

மனையை விற்றுவிடலாம் என்று திருப்பதியிடம் போனாள். "அந்த அக்கா வீடு ரோட்டுல நின்னு பாத்தாலே தெரியுதே, யாரு வாங்குவா?" என்று அவன் கையை விரித்தான். மார்கழிக் குளிரில் கன்னையன் விழுந்தான். தேனி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வருவதற்குள் வீட்டுக்கென்று வைத்திருந்ததில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. போடியில் வாடகை வீடு தேடினாள். விலாசம் கேட்டு, வாடகை பேசி, எல்லாம் சரி என்று வரும்போது கன்னையனுக்கு இருமல் வந்துவிடும். அவன் துண்டால் வாயைப் பொத்தி அடக்கிப் பார்ப்பான், அடங்காது. "மாடியில சின்னப் புள்ளைக இருக்குங்க" என்று வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. மூன்றாவது வீட்டுக்கு அப்புறம் கன்னையனே, "விடுடி, எனக்காகத் தெருத் தெருவா நிக்காத" என்றுவிட்டான்.

தவாரணையில் அவள் வேலையும் கெட்டது. மண் எடுக்கக் கூப்பிட்டால் போவாள், குனிவாள், அள்ளமாட்டாள். "நீங்களே பாத்து எடுத்துக்கங்க" என்று ஒதுங்கிக்கொள்வாள். லயத்தில் இன்னும் இரண்டு குடும்பம் கீழே மனை பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்காக அவள் சந்தோஷப்பட்டாள், கூப்பிடாததற்காக அழவும் செய்தாள்.

சித்திரை வந்துவிட்டது. லயத்தின் கடைசிக் கோடியில் ஓடு பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கன்னையனை ஜீப்பின் முன்சீட்டில் ஏற்றிவிட்டு, பாத்திரத்தையும் பாயையும் பின்னால் அடுக்கி, மேலே பழைய தகரம் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மனையில் நாலு கம்பை ஊன்றி அந்தத் தகரத்தைச் சாத்தி, இப்போதைக்கு ஒண்டிக்கொள்வது என்பதுதான் மிச்சமிருந்த ஏற்பாடு.

வெயில் கொளுத்தியது. மனை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. டிரைவர் தகரத்தை இறக்கிப் போட்டதும் அது கை வைக்க முடியாமல் சுட்டது. கன்னையன் மூட்டை மேல் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினான். கம்பு ஊன்ற எங்கே தோண்டுவது என்று சந்திரவல்லி கடப்பாரையோடு சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்குத் தரையில் குத்தவே கை வரவில்லை.

ஜக்கம்மாள் வெளியே வந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சந்திரவல்லியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இந்தத் தகரத்துக்குள்ளயா அவரப் போட்டு வேக வைக்கப் போற?"

"வேற எங்கக்கா போறது?"

ஜக்கம்மாள் கன்னையனைப் பார்த்தாள். அவன் விலா எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. அவள் நேராக வந்து மூட்டையில் செருகியிருந்த பாயை உருவினாள்.

"முன்னறை இன்னும் நிக்கிது. அந்தப் பானையக் கொண்டா."

"வேணாம்க்கா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க..."

"மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறேன்?" ஜக்கம்மாள் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "ஐப்பசிக்கு நிக்காதுன்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போயிருச்சு. ராத்திரி சுவரு டப்பு டப்புன்னு விடுது சந்திரா. ஒத்தையில கெடந்து அந்தச் சத்தத்தக் கேக்க முடியல. வா. விழுந்தா எல்லாரு மேலயும் விழட்டும்."

கன்னையன் எழுந்து, வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று, அந்த வீட்டுக்குள் போனான். சந்திரவல்லி கடப்பாரையைக் கீழே போட்டாள். பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.